ஜீவனியைத் தெரியும், ஊட்டுவதற்கு வழி வேண்டும்

(சப்ரகமுவ தோட்டங்களைச் சேர்ந்த மாதர் அணியினர் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை. வர முடியாதவர்களுக்காக இங்கே முழுமையாகத் தரப்படுகிறது.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், பேர், கொழுந்து நிறை, சேமலாப நிதி என்று பேசுவதே நமது வழக்கம். இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விசயம் சின்னப் பிள்ளைகளின் வயிற்றோட்டம். "இதைக் கிளினிக்கில் மிஸ்ஸி பேசுவார்தானே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்று சிலருக்குத் தோன்றலாம். சங்கத்துக்கு வேலை இருக்கிறது. முதலில் பிள்ளையைப் பற்றிப் பேசுவோம். சங்கத்தின் வேலை தானாக வந்து சேரும்.

உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் வயிற்றோட்ட நோயால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நமது நாட்டில் இலவச வைத்தியமும் கிளினிக்கும் மிட்வைஃப்மாரும் இருப்பதால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளையின் உடம்பில் தாக்குப்பிடிக்கும் பலம் குறைவு. 2016ஆம் ஆண்டு நடந்த குடிசன, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டத்துறையில் மட்டும் பார்த்தால் 100க்கு கிட்டத்தட்ட 32 பேர். அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளை வளராது. வளராத பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் சீக்கிரம் சோர்ந்து விழும். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது.

சப்ரகமுவவின் மழையையும் நாம் அறிவோம். இரத்தினபுரியும் கேகாலையும் மழை கொட்டும் மாவட்டங்கள். 2003 மே மாதமும் 2017 மே மாதமும் வந்த வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. பெரிய வெள்ளம் வராவிட்டாலும், இரண்டு நாள் அடைமழை பெய்தால் மேலே இருக்கும் மலசலகூடத்து அழுக்கும் மாட்டுச் சாணமும் கீழே ஓடையில் கலந்துவிடும். பீலியில் தண்ணி கலங்கி வரும். மூன்றாம் நாள் ஒரு லயத்தில் ஒரு பிள்ளைக்கு வயித்தால போகும். ஐந்தாம் நாள் அதே லயத்தில் நாலு பிள்ளைகளுக்குப் போகும்.

இனி ஜீவனிக்கு வருவோம். எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஜீவனியைத் தெரியாத தாய் இல்லை. "பிள்ளைக்கு வயித்தால போனா என்ன குடுப்பீங்க?" என்றால், "ஜீவனி" என்ற பதில் உடனே வரும். ஆனால் அடுத்த கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தண்ணியில் கரைப்பது? எப்போது தொடங்குவது? ஒரு தடவைக்கு எவ்வளவு கொடுப்பது? வாந்தி எடுத்தால் நிறுத்துவதா, தொடர்வதா? இந்த இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்கிறோம். பெயர் தெரிந்த அளவுக்குப் பாவனை தெரியவில்லை. பாவனை தெரிந்தவர்களுக்கும் கொடுக்க நேரம் கிடைப்பதில்லை.

அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "ஜீவனி குடுத்துப் பார்த்தேன், நிக்கவே இல்ல. அதனால விட்டுட்டேன்." இந்த இடத்தில்தான் விசயம் இருக்கிறது. ஜீவனி வயிற்றோட்டத்தை நிறுத்தும் மருந்தல்ல. பெரும்பாலான வயிற்றோட்டம் சில நாட்களில் தானாகவே நின்றுவிடும். அதுவரை பிள்ளையின் உடம்பிலிருந்து போகும் தண்ணியையும் உப்பையும் திருப்பி உள்ளே போடுவதுதான் ஜீவனியின் வேலை. பிள்ளையைக் கொல்வது வயிற்றோட்டம் அல்ல, உடம்பு வரண்டு போவதுதான். ஆகவே "நின்றதா?" என்று பார்க்காதீர்கள். "பிள்ளை மூத்திரம் போகிறதா, கண்ணில் நீர் வருகிறதா, முகம் தெளிவாக இருக்கிறதா?" என்று பாருங்கள். இவை இருந்தால் ஜீவனி தன் வேலையைச் செய்கிறது.

வெறும் தண்ணி போதாதா என்று கேட்கலாம். குடலை நமது கொழுந்து மடுவம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாசல். உப்பு தனியாக வந்தால் அந்த வாசல் சரியாகத் திறக்காது. உப்பும் சீனியும் ஜோடியாக வந்தால் திறக்கும். இரண்டும் உள்ளே போகும்போது தண்ணியும் அவற்றின் பின்னாலேயே போகும். வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும்போதும் இந்த வாசல் வேலை செய்யும். அதனால்தான் ஒரு லீற்றருக்கான பைக்கற்றில் 20.5 கிராம் மருந்தை நிறுத்துப் போடுகிறார்கள். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ். மிச்சம் கறியுப்பும் வேறு இரண்டு உப்புகளும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002இல் இந்த அளவைத் திருத்தி அமைத்தன.

அளவு இவ்வளவு கணக்கானது என்பதால்தான் தண்ணியின் அளவும் முக்கியம். பலர் செய்வது, தேத்தண்ணிக் கோப்பையில் கொஞ்சம் தண்ணி எடுத்து, கொஞ்சம் தூளைப் போட்டுக் கலக்குவது. மிச்சத்தை மடித்து அடுப்பு மேலே வைப்பது. இது கூடாது. தண்ணி குறைந்தால் உப்பு கூடும். கூடிய உப்பு உடம்பிலிருக்கும் தண்ணியையும் குடலுக்கு இழுத்துக்கொள்ளும். பிள்ளை இன்னும் வரண்டு போகும். தண்ணி கூடினால் சத்துப் போதாது. ஆகவே பைக்கற் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும்.

லயத்தில் அளவுச் சாடி எங்கே இருக்கிறது? வேண்டாம். கடையில் வாங்கும் தண்ணிப் போத்தல் ஒன்றைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு லீற்றர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை லீற்றர் போத்தலும் அரை லீற்றர் போத்தலும் கடையில் இருக்கின்றன. பைக்கற்றிலும் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்துத் தெரியாத அம்மாவுக்குப் பாடசாலை போகும் பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, பிறகு கரைக்க வேண்டும். கரைத்த பின்னர் சூடாக்கக் கூடாது. கரைத்ததை மூடி வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பாவித்துவிட்டு, மிஞ்சினால் ஊற்றிவிட்டு, மறுநாள் புதிதாகக் கரையுங்கள்.

எப்போது தொடங்குவது? முதல் தடவை தண்ணியாகப் போனவுடனேயே. "நாளைக்குப் பார்ப்போம்" என்பது கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பின்னரும் 50 முதல் 100 மில்லிலீற்றர் வரை, அதாவது 200 மில்லிலீற்றர் பிடிக்கும் கோப்பையில் காலிலிருந்து அரைவரை. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அரைக் கோப்பையிலிருந்து முழுக் கோப்பைவரை. மடமடவென்று குடிக்க விடாதீர்கள். சின்னப் பிள்ளைக்குத் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிசம் பொறுத்து, மறுபடியும் இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நிமிசத்துக்கு ஒரு கரண்டி வீதம் கொடுங்கள். வாந்தி எடுக்கிறது என்பதற்காக நிறுத்தக் கூடாது.

தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. "பால் குடுத்தா இன்னும் போகும்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அவர்கள் பிள்ளை மேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் வயிற்றோட்டத்தின்போது தாய்ப்பால்தான் பிள்ளைக்கு உணவும் தண்ணியும். வழக்கத்தை விட அடிக்கடி கொடுங்கள். சாப்பிடும் பிள்ளைக்குக் கஞ்சி, குழைத்த சோறு, பருப்பு, வாழைப்பழம் கொடுங்கள். பட்டினி போடாதீர்கள். சுகமான பிறகு இரண்டு கிழமைக்கு, நாளுக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு கொடுங்கள். இழந்த நிறை அப்போதுதான் திரும்பி வரும்.

சோடா, கலர் தண்ணி, பைக்கற் ஜூஸ், சீனி கூடிய தேத்தண்ணி இவற்றைக் கொடுக்காதீர்கள். அதிகச் சீனியும் குடலுக்குத் தண்ணியை இழுக்கும். பெரியவர்கள் போடும், வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசையைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டில் மிஞ்சிய அன்டிபயட்டிக் மருந்தையும் தானாகக் கொடுக்காதீர்கள். டிஸ்பென்சரிக்கோ வைத்தியசாலைக்கோ போகும்போது சிங்க் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு 10 முதல் 14 நாள் சிங்க் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் அறிவித்தன. இது வயிற்றோட்டத்தின் நாளைக் குறைக்கும்.

இரவில் ஜீவனி இல்லையா? ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில், தட்டையாக மட்டம் பார்த்து அளந்த ஆறு தேக்கரண்டி சீனியும், அதே மாதிரி அளந்த அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்புக் கூடிவிடக் கூடாது. கண்ணீரை விட உப்பாக இருந்தால் ஊற்றிவிட்டு மறுபடி கரையுங்கள். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சித் தண்ணியும் கொடுக்கலாம். விடிந்ததும் ஜீவனி எடுங்கள்.

"பல்லு முளைக்குது, அதனால போகுது", "கண்ணூறு பட்டிருச்சு", "சூடு" என்று நமது லயங்களில் பேசிக்கொள்வோம். திருஷ்டி கழிக்கிறவர்கள் கழித்துக்கொள்ளட்டும். அதற்காக யாரோடும் சண்டை வேண்டாம். ஆனால் மிளகாயைச் சுற்றிப் போடுகிற நேரத்தில் மறு கையில் ஜீவனிக் கோப்பையும் இருக்கட்டும். பல் முளைக்கும் வயதில் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது.

இனிச் சொல்வதை வீட்டிலிருக்கும் பாட்டிக்கும் மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். கண் குழி விழுந்தால், பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், குடிக்க முடியாவிட்டால், குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகவே போனால், ஆறு மணித்தியாலமாக மூத்திரம் போகாவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால், கடும் காய்ச்சல் இருந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் இவற்றுக்குக் காத்திருக்கவே வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். போகும் வழி நெடுக ஜீவனியை ஊட்டிக்கொண்டே போங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

நமது மாவட்டங்களில் பெரும்பாலான வைத்தியசாலைகளில் சிங்களமே பேச்சு. பதற்றத்தில் வார்த்தை வராது. ஆகவே இரண்டு சொற்களை மனதில் வையுங்கள். வயிற்றோட்டத்துக்குச் சிங்களத்தில் "பாச்சனய". இரத்தத்துக்கு "லே". எத்தனை தடவை போனது, கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்பதை விரலில் எண்ணிக் காட்டினாலும் போதும். 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் சொல்லிப் புரியவைப்பதற்கு ஆள் கேட்பது நமது உரிமை. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தோழியரே, இந்த மருந்து எப்படி உலகத்துக்கு வந்தது என்பதையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது. 1968இல் டாக்காவில் இருந்த கொலரா ஆய்வுகூடத்தில் இந்தக் கரைசலை நோயாளிகளுக்கு வாயால் கொடுத்துப் பார்த்து, நரம்பில் ஏற்றும் சேலைனைப் பெருமளவு குறைக்கலாம் என்று கண்டார்கள். 1971இல் பங்களாதேஷ் யுத்தத்தில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அகதிகளாக ஓடி வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. சேலைன் தீர்ந்துவிட்டது. திலிப் மஹலனாபிஸ் என்ற பிள்ளை வைத்தியர் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து, பீப்பாய்களில் கரைத்து வைத்தார். கோப்பையில் அள்ளி ஊட்டியவர்கள் தாதிகளல்ல. நோயாளிகளின் தாய்மாரும் உறவினர்களும்தான். 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்த எண்ணிக்கை 4க்கும் கீழே இறங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கையாலும் உயிரைக் காப்பாற்ற முடியும் என்று உலகத்துக்கு அந்த முகாம் காட்டியது.

அதற்குப் பிறகு பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு 1980 முதல் 1990 வரை வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் தாய்மாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணி. இதுதான் பாடம். சொல்லிக் கொடுத்த பெண்களுக்குச் சம்பளம், பிறகு போய்க் கேட்கும்போது தாய்மார் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கொடுக்கப்பட்டது. தாய்மாருக்குப் பாடம் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது கரைத்துக் கொடுத்தவர்கள் குறைவு. ஏன் என்று விசாரித்தார்கள். சொல்லிக் கொடுத்த பெண்களிலேயே பலருக்கு அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை; தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தபோது குடிக்கவில்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. பிறகு அந்தப் பெண்களுக்கு, கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்கினார்கள். ஆண்களையும் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் சந்தித்துப் பேசினார்கள். அதன் பின்னரே பாவனை கூடியது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தாய்க்குத் தெரிந்தால் மட்டும் போதாது. சுற்றியிருப்பவர்கள் நம்ப வேண்டும். செய்வதற்கு வழியும் இருக்க வேண்டும். நமது தோட்டத்தில் அந்த வழி எப்படி இருக்கிறது?

இரண்டு மூன்று நிமிசத்துக்கு ஒரு கரண்டி என்று சொன்னோம். அதைக் காலையிலிருந்து மத்தியானம்வரை யார் ஊட்டுவது? தெஹியோவிட்டையிலும் எட்டியாந்தோட்டையிலும் றப்பர் வெட்டும் அம்மா விடியும்போதே மரத்தடியில் நிற்க வேண்டும். வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிந்து, சேர்த்து, நிறுத்து முடியும்வரை வர முடியாது. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் கொழுந்தெடுக்கும் அம்மா நிறை குறைந்தால் அரைப்பேர்தான். பிள்ளைக்கு முடியவில்லை என்று நின்றால் ஒரு பேர் போகும். அந்த அம்மாவுக்கு ஜீவனி தெரியும். ஊட்டுவதற்கு அரை நாள் கிடைப்பதில்லை. மத்தியானம் வீட்டுக்கு வரும்போது பிள்ளை துவண்டு கிடக்கும். "தாய் கவனிக்கல" என்று ஊர் பேசும். தாய்க்கு அறிவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவளுக்கு நேரம் கொடுப்பதற்குத்தான் யாரும் முன்வருவதில்லை.

சங்கத்தின் வேலை என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். நாம் தோட்டக் கமிட்டிகள் மூலம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: வயிற்றோட்டமுள்ள பிள்ளையின் தாயோ தகப்பனோ வீட்டில் நின்றால், அந்த நாளின் பேர் வெட்டப்படக் கூடாது.

இரண்டு: ஒவ்வொரு பிள்ளைக்காம்பராவிலும் ஜீவனி, ஒரு லீற்றர் அளவுச் சாடி, கொதித்தாறிய தண்ணி, சவர்க்காரம் எப்போதும் இருக்க வேண்டும். ஊட்டுவதற்குப் போதிய ஆளும் இருக்க வேண்டும்.

மூன்று: டிஸ்பென்சரி பூட்டியிருக்கும் இரவிலும் ஜீவனி கிடைக்கும்படி, லயத்துக்கு ஒருவர் கையில் சில பைக்கற்றுகள் இருக்க வேண்டும். மாதர் அணியினர் இந்தப் பொறுப்பை எடுக்கலாம்.

நான்கு: பீலித் தண்ணியை மூடிய தாங்கியில் சேர்த்து, குளோரீன் போட்டு, குழாயில் தர வேண்டும். ஊற்றுக்கு மேலே மலசலகூடமோ மாட்டுக் கொட்டிலோ இருந்தால் மாற்ற வேண்டும். ஜீவனி உயிரைக் காப்பாற்றும். நோய் வராமல் தடுப்பது நல்ல தண்ணியும் கழுவிய கையும்தான்.

தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வைத்திய வசதி செய்து தர வேண்டும் என்று 1872லேயே இந்த நாட்டில் சட்டம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கேட்க முடிந்ததை இன்று கேட்க நாம் தயங்கத் தேவையில்லை.

பின்னால் நிற்கும் தோழர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கரண்டி பிடிக்க அம்மாவின் கைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பால் வெட்டு இல்லாத மழை நாளில் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதும் அந்த நாட்களில்தான். போத்தலில் கரைத்து, மடியில் வைத்து ஊட்டுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு லீற்றர் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, இரண்டு ஜீவனிப் பைக்கற்றோடு ஒரு இடத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டிலும் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் கோரிக்கையாகப் பிள்ளைக்காம்பராவைப் பற்றி எழுதிக் கொடுப்போம்.